கறைக்கோட்டைப் பார்த்துவிட்டு கிக்கரைத் தொடுங்கள்

பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் 14ஆம் எண் ரயில் பாலம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அங்கே தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது, ரயில்களை ரத்து செய்தார்கள். 2024 அக்டோபர் மழையிலும் அதே பாலம், அதே காரணம். ரயிலுக்கு இப்படி ஓர் அளவுக்கோடு உண்டு. தெருவில் நிற்கும் பழைய ஸ்பிளெண்டருக்கு யாரும் கோடு போட்டு வைப்பதில்லை. வெள்ளம்தான் வடியும்போது சேற்றால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும்.

தண்ணீர் வடிந்த காலையில் ஆளாளுக்கு முதலில் செய்வது கிக்கரை உதைத்துப் பார்ப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. வண்டியைக் கழுவும் முன்பே அந்தக் கறைக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு சக்கரத்தின் அச்சோடு நின்றிருந்தால் பிரேக், பேரிங், செயின் வேலையோடு போய்விடும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியிருந்தால் எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தால்? சைலன்சரின் வாய் தாழ்ந்திருப்பதால் அது வழியாகவும் தண்ணீர் ஏறும். நிறுத்தியபோது எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்தால் நேரே சிலிண்டருக்குள்தான்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பழைய மாருதி 800-இல் தண்ணீரோடு செல்ஃப் அடித்தால் பிஸ்டன் பாதியில் முட்டிக்கொண்டு கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். குட்டியானை போன்ற டீசல் வண்டியில் அழுத்தம் இன்னும் அதிகம், சேதமும் அதிகம். பைக்கில் காலால் உதைத்து ராடை வளைப்பது கடினம், கிக்கர் இறங்காமல் நின்றுவிடும். ஆனால் உள்ளே போன வண்டல் சிலிண்டர் சுவரைக் கீறும், ஆயிலும் தண்ணீரும் கலக்கும்.

ஆயிலில்தான் கதை தெரியும். உதைக்காத வண்டியில் அடி நட்டைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும், பின்னாலேயே ஆயில் கறுப்பாக இறங்கும். இரண்டும் தனித்தனி. உதைத்துவிட்ட வண்டியில் பால் டீ மாதிரி ஒரே கலவையாகக் கொழகொழவென்று வரும். அது எல்லா இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும், ஒரு தடவை ஆயில் மாற்றினால் போகாது.

பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, இப்போது மெதுவாகக் கிக்கரை அழுத்தினால் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். அது நின்றதும் கொஞ்சம் ஆயிலை அதே ஓட்டையில் விட்டு மறுபடி சில தடவை அழுத்துங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து துடைக்க வேண்டும். டேங்கைக் காலி செய்ய வேண்டும். மேலாக நிற்கும் பெட்ரோல் நல்லதுதானே என்று பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தண்ணீர் அந்த எத்தனாலை இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும், மேலே மிஞ்சுவது தரம் குறைந்த பெட்ரோல். புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து சிறிது தூரம் ஓட்டிவிட்டு, அந்த ஆயிலையும் மாற்றிவிடுங்கள். முதல் ஆயிலுக்கு விலை உயர்ந்தது தேவையில்லை.

வடசென்னையில் இன்னும் தேடி வாங்கும் ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் வண்டி. அதில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது. தண்ணீரும் அங்கேதான் தங்கும். கியர் ஆயிலை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். கிராங்க் பேரிங் துருவேறினால் சில வாரம் கழித்து இரைச்சலாக வரும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். பேசின் பிரிட்ஜ் பக்கம் ஓட்டேரி நல்லா ஓடை பக்கிங்காம் கால்வாயில் சேருகிறது, இங்கே ஏறுவது மழைநீர் மட்டுமல்ல, சாக்கடையும்தான். எண்ணூர்ப் பக்கம் உப்பும் சேரும். உப்பு பட்டால் வயர் முனைகளில் பச்சை பூக்கும், அலுமினியம் வெள்ளையாகப் பொரியும். ஆகவே காயவைப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். 2023-இல் எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெயும் வெள்ளத்தோடு புகுந்தது. எண்ணெய் படிந்த இரும்பை டீசலால் துடைக்கலாம். டயரையும் ரப்பர் புஷ்ஷையும் சோப்புத் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் உப்பிவிடும்.

பழைய வண்டிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் சென்சாரும் கணினிப் பெட்டியும். அவை நனைந்து கெட்டால் மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கழற்றிக் கழுவி மாட்டலாம், இல்லாத பாகம் புதுப்பேட்டையில் கிடைக்கும்.

காசுக் கணக்கில்தான் பழைய வண்டி தோற்கும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குப் பைசா வராது. முழு பாலிசி இருந்தாலும் சர்வேயர் பார்க்கும் முன் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் அந்தச் செலவை மறுக்க இடமிருக்கிறது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான் தருவார்கள். பழுதுச் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள்.

தேறாது என்று காயலான் கடைக்குத் தள்ளுவதானால் ஆர்.சி. புக்கைப் பீரோவில் போட்டு மறந்துவிடாதீர்கள். வண்டி இனி ஓடாது என்பதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இல்லாவிட்டால் உங்கள் நம்பர் பிளேட் வேறொரு வண்டியில் ஏறி, அதன் அபராதம் உங்கள் போனுக்கு வந்து நிற்கலாம்.