கேணியில் நீந்தியவர்கள் கடலோரம் தங்கும்போது

கோடை விடுமுறை விட்டதும் இலுப்பூர், அன்னவாசல் பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துவிடுவார்கள். வேளாங்கண்ணி, ராமேசுவரம், பக்கத்திலேயே போதும் என்றால் மணமேல்குடி. கேஸ் அடுப்பு, அண்டா, தார்ப்பாய், பாய் எல்லாம் வேன் மேலே ஏறும். அறை எடுக்காமல் கரையோரம் சமைத்துச் சாப்பிட்டு, மணலில் விரித்துப் படுத்து, மறுநாள் ஊர் திரும்புவது பலருக்கும் வழக்கம். இப்போது இளைஞர்கள் டென்ட்டும் கொண்டுவருகிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சுமார் 42 கி.மீ. கடற்கரை உண்டு. ஆனால் இலுப்பூர் வானம் பார்த்த பூமி. நமக்குத் தண்ணீர் என்றால் கேணியும் கண்மாயும் ஊருணியும்தான். அங்கே பழகிய பழக்கத்தோடு கடலோரம் தங்குவதால்தான் பெரும்பாலான ஆபத்துகள் வருகின்றன.

கேணி நீச்சல் போதாது

இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக் கேணியில் நீந்தப் பழகிய பிள்ளைக்குத் தண்ணீர் பயம் போயிருக்கும். கேணித் தண்ணீர் ஆளை இழுக்காது, கடல் இழுக்கும். கரையில் மோதிய அலைநீர் ஓரிடத்தில் குவிந்து, குறுகலான ஓட்டமாகக் கடலுக்குள் திரும்பும். இடுப்பளவு நீரில் நிற்கும் பெரியவரையும் அது அடித்துச் செல்லும். அலை அதிகம் உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடமே பல நேரம் அந்த ஓட்டத்தின் வழியாக இருக்கிறது. பாக் நீரிணையை ஒட்டிய மணமேல்குடிப் பக்கம் கடல் ஆழம் குறைவு, அலையும் சிறிது. வேளாங்கண்ணி திறந்த வங்கக் கடல். ஒன்றில் இறங்கிப் பார்த்த தைரியத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இழுவையில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துத்தான் போவார். மிதந்தபடியே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்ட இடத்தில் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் உடனே குதித்துவிடாமல் கயிறு, காலி கேன், முறுக்கிய வேட்டி என எதையாவது வீச வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடக்கிறது.

மூழ்கும் குழந்தை கூச்சல் போடாது. மூச்சுக்கே தவிக்கும்போது குரல் எழும்பாது. ஆகவே பிள்ளைகள் நீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர், கையில் செல்போன் இல்லாமல், அவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே பொருள். மது அருந்தியவரை நீரில் இறங்க விடவே கூடாது.

நீரிலிருந்து மீட்கப்பட்டவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது என்ற வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அதில் போவது உயிர் காக்கும் நேரம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலில் நீர் புகுந்திருந்தால் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

வேர்வை காயாத வெக்கை

நம் ஊர் வெயில் வறண்டது. வேர்வை காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துச் செல்லும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வேர்வை வழியுமே தவிரக் காயாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். காற்று இதமாக வீசுவதால் தாகமும் சட்டென்று தெரியாது. அருகில் கிடைப்பது உவர்நீராக இருக்கலாம் என்பதால் குடிநீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொடுக்கலாம். உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறியபடி 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேர்த்திக்கடனுக்காகச் செருப்பில்லாமல் நண்பகல் மணலில் நடப்பார்கள். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்ததும் தெரியாது. பல நாள் கழித்துப் புண்ணாகத்தான் அது கண்ணில் படும். அவர்கள் நேர்த்திக்கடனைத் தடுக்க வேண்டாம். அதிகாலையிலோ அந்தி சாய்ந்த பிறகோ அழைத்துச் செல்லுங்கள். இரவு படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

மீனும் சோறும்

கரையில் வாங்கிய சூரையோ கானாங்கெளுத்தியோ ஐஸ் இல்லாமல் பையில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு, படபடப்பு வரும். மீனை ஐஸோடு வாங்கி உடனே சமைக்க வேண்டும். காலையில் வடித்த வெறும் சோற்றை இரவுவரை வைத்துச் சூடாக்கிச் சாப்பிடுவதிலும் இதே சிக்கல் உண்டு; சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுசூட்டில் போகாது. புளிப்பு கிருமி வளர்ச்சியைத் தடுப்பதால், கட்டுச்சோறு என்றால் புளியோதரைதான் என்று நம் ஆச்சிகள் வைத்திருந்தது சரியான கணக்கு.

இரவில்

கதவையெல்லாம் அடைத்து, ஏ.சி. ஓட என்ஜினை இயக்கிவைத்து வேனுக்குள் தூங்குவது உயிரைப் பறிக்கக்கூடியது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே மயக்கிவிடும். டென்ட்டுக்குள் கரி அடுப்பு வைத்தாலும் இதே கதிதான். மணலில் தார்ப்பாய் இல்லாமல் படுக்க வேண்டாம். நாய், பூனைக் கழிவு கலந்த மணலில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோலுக்குள் புகும். கொசுவலையும் கையோடு இருக்கட்டும்.

சொறியும் திருக்கையும்

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் மணலால் தேய்க்கக் கூடாது. குடிநீராலும் கழுவக் கூடாது. இரண்டுமே மிச்சமிருக்கும் கொட்டுச் செல்களை வெடிக்கச் செய்யும். கடல்நீரால் அலசி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் மெதுவாக எடுத்துவிட்டு, பட்ட இடத்தைப் பொறுக்கும் அளவு வெந்நீரில் வையுங்கள். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைதான். சேறு கலந்த ஆழமற்ற கடலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நடந்தால் அது விலகிப் போகும். முள் குத்திய இடத்துக்கும் வெந்நீர் வலியைக் குறைக்கும். முள் ஆழமாகப் பதிந்திருந்தால் நீங்களே பிடுங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்; டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும்.

ஊர் திரும்பிய பின்

சில நாள் கழித்து, பாதத்தில் வளைந்து வளைந்து போகும் சிவந்த கோடும் தாங்க முடியாத அரிப்பும் வந்தால் அது மணலில் புகுந்த புழுவாக இருக்கலாம். மாத்திரையில் சரியாகும். கடல்நீர் பட்ட காயம் சில மணி நேரத்தில் சிவந்து பரவினால் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்குக் கடல்நீர்க் கிருமி உயிருக்கே உலை வைக்கும். இலுப்பூர் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் தனியார் மருத்துவரிடம் போனாலும், ‘கடலில் இறங்கியபோது பட்ட காயம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுக்கும் மருந்து அதைப் பொறுத்து மாறும்.