ஹெலிகாப்டர் இறங்கும்போது உறவினர் நிற்க வேண்டிய இடம்

நோயாளியை ஏற்றி வரும் ஹெலிகாப்டர் இறங்குதளத்தை நெருங்கியதும், உறவினரின் கால்கள் தாமாகவே அதை நோக்கி விரையும். அந்தத் தவிப்பை நாங்கள் அறிவோம். ஆயினும் அவ்வேளையில் விலகி நிற்குமாறே உங்களை வேண்டுகிறோம்.

2022 மார்ச் 4 அன்று இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள டெரிஃபோர்ட் மருத்துவமனையில், கடலோரக் காவல் பணியைச் சேர்ந்த ஹெலிகாப்டர் ஒன்று நோயாளியுடன் இறங்கியது. அதன் காற்றால் தள்ளப்பட்டு விழுந்த 87 வயது மூதாட்டி தலைக்காயத்தால் உயிரிழந்தார். மற்றொரு பெண்மணி பலத்த காயமுற்றார். அவர்கள் ஹெலிகாப்டரை அணுகியவர்கள் அல்லர். இறங்குதளத்தை ஒட்டிய வாகன நிறுத்துமிடத்தில் இருந்தவர்கள்.

காற்றைக் கீழ்நோக்கித் தள்ளியே ஹெலிகாப்டர் தன் எடையைத் தாங்குகிறது. அக்காற்று தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. எடை கூடக் காற்றின் வேகமும் கூடும். அன்று இறங்கிய எஸ்-92 வகையின் உச்ச எடை ஏறத்தாழ 12 டன். இத்தகைய காற்றில் முதியோர் நிலைதடுமாறுவது எளிது. எலும்பு மெலிந்தவருக்கு இடுப்பெலும்பு முறியக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் பட்ட சிறு அடியும் மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். எனவே முதியோரையும் குழந்தைகளையும் கட்டடத்தின் உள்ளேயே இருத்துங்கள். சக்கர நாற்காலியைப் பூட்டிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

வால்பகுதி விசிறி மற்றோர் ஆபத்து. வேகமாகச் சுழலும்போது அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 2023 ஏப்ரலில் கேதார்நாத் இறங்குதளத்தில் அரசு அலுவலர் ஒருவர் அவ்விசிறி தாக்கி உயிரிழந்தார். மேல்விசிறியோ, வேகம் குறையும்போது தாழ்ந்து வரும். ஆகவே ஓசை தணிந்தாலும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதலாகாது.

நோயாளியுடன் பயணம் செய்ய அனுமதிக்கப்பட்டவர்கள் இவற்றை மனத்திற்கொள்க:

• பணியாளர் அழைத்துச் செல்லும்வரை நகரவேண்டாம். இரைச்சலில் குரல் கேட்காது. அவரது கைச்சைகையையே பாருங்கள்.

• விமானியின் பார்வையில் படும்படி, பணியாளர் காட்டும் வழியில், சற்றுக் குனிந்து செல்லுங்கள். வால்பக்கமாகச் சுற்றிச் செல்லவே கூடாது.

• சரிவான நிலத்தில் மேட்டுப்பக்கமிருந்து அணுகாதீர்கள்; அங்கு விசிறி தலைக்கு மிக அருகில் இருக்கும்.

• முந்தானை, துப்பட்டா, வேட்டி ஆகியவற்றை இறுகச் செருகிக்கொள்ளுங்கள். குடையை விரிக்கவோ, சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடிக்கவோ வேண்டாம்.

• தொப்பியோ காகிதமோ பறந்தால் துரத்தாதீர்கள்.

கண்ணில் தூசி விழுந்தால் கசக்காமல், பாதுகாப்பான இடத்திற்கு வந்தபின் தூய நீரால் கழுவுங்கள். கண்ணாடி வில்லை அணிந்திருந்தால் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

இறங்குதளத்திலிருந்து நோயாளி முதலில் வந்துசேரும் இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. நீங்கள் அங்கே காத்திருந்து, அவர் உட்கொள்ளும் மருந்துகள், அவருக்கு ஒவ்வாத மருந்துகள், முந்தைய அறுவை சிகிச்சைகள் ஆகியவற்றை எங்களிடம் கூறுங்கள். அவர் பேச இயலாத நிலையில், அவருக்காக அவற்றைச் சொல்லக்கூடியவர் நீங்களே.