தொப்பியின் குரல்

முள்ளியவளைக் கோவலன் கூத்தைக் கண்டோர் அதன் மத்தளத்தை எளிதில் மறவார். வலந்தலையின் கூரிய ஓசை கூத்தர் காலை நடத்தும். தொப்பியின் ஆழ்ந்த ஓசையோ களரியையே தாங்கி நிற்கும். 2009இல் முடிந்த போரில் ஏட்டையும் ஒலிநாடாவையும் ஒருங்கே இழந்த வீடுகள் வன்னியிற் பல. ஆதலின் இக்கூத்தினை மீண்டும் ஒலிப்பதிவு செய்து வைத்தல் நம் கடனாயிற்று. அப்பதிவிலே தொப்பி கேளாதொழியின் எஞ்சுவது அரைக்கூத்தே.

கேளாதொழிவதற்குக் காரணம் உண்டு. கூட்டத்தின் இரைச்சலை விலக்கும்பொருட்டு, மத்தளத்தில் பீசோ என்னும் மெல்லிய வில்லையை ஒட்டிப் பதிதல் ஒரு முறை. அதிர்வை மின்னாக்கும் அவ்வில்லை, தன் இயல்பில் ஒரு கொள்ளளவியே. அதன் கொள்ளளவம் 20 நனோபரட்டு என்றும், பதிகருவியின் பெய்ப்புத் தடை 10,000 ஓம் என்றும் கொள்வோம். ஏறத்தாழ 800 ஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஓசையெல்லாம் படிப்படியாகத் தேயும். தொப்பி வாழும் இடம் அதுவன்றோ! தடையைப் பத்து இலட்சம் ஓமாக உயர்த்தின், அவ்வெல்லை 8 ஹேர்ட்சுக்கு இறங்கிவிடும்; செவிக்கெட்டும் ஓசை எதுவும் குறையாது.

இவ்வுயர்தடையைத் தருவது, உயர்தர வகுப்புப் பௌதிகவியல் மாணவர் அறிந்த செயற்பாட்டு விரியலாக்கி. கூட்டல், கழித்தல் முதலிய கணிதச் செய்கைகளை ஆற்றியமையால் ஆங்கிலத்தில் அப்பெயர் பெற்றது. 'செய்கை விரியலாக்கி' என்றிருப்பின் பொருள் இன்னும் துலங்கும் என்பது என் கருத்து.

ரி.எல். 071 என்னும் எட்டுக்காற் சில்லு ஒன்று போதும். ஆறாங்காலாகிய பயப்பை, கழித்தற் குறியுடைய இரண்டாங்காலுடன் நேரே இணைக்க. 9 வோல்ற்றுப் பற்றரியின் நேர்முனை ஏழாங்காலுக்கும் மறைமுனை நான்காங்காலுக்கும் உரியன. 100,000 ஓம் தடைகள் இரண்டினால் அவ்வோல்ற்றளவைப் பாதியாக்கி, நடுப்புள்ளியைப் பத்து இலட்சம் ஓம் தடையூடாக, கூட்டற் குறியுடைய மூன்றாங்காலுக்குக் கொணர்க. வில்லை அக்காலுக்கும் மறைமுனைக்கும் இடையே அமையும். நடுப்புள்ளிக்கும் மறைமுனைக்கும் இடையே 10 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று. பயப்புக்கும் பதிகருவிக்கும் இடையே அத்தகையதே மற்றொன்று.

இச்சுற்று ஓசையைச் சிறிதும் பெருக்குவதில்லை. பெய்த வோல்ற்றளவே பயப்பாக வரும். பெருக்காத விரியலாக்கியால் யாது பயன் என வினவும் மாணவர்க்குப் பிற்பாட்டுக்காரரையே நான் காட்டுவேன். கூத்தர் பாடிய அடியை அவர் வாங்கி அவ்வாறே பாடுகின்றார். சொல்லும் சுருதியும் கூத்தருடையன, மூச்சு மட்டும் தம்முடையது. இங்கே அம்மூச்சைப் பற்றரி தருகின்றது. ஆங்கிலத்தில் 'பஃபர்' எனப்படும் இதனைத் 'தாங்கல்' என்பதுண்டு. மனத்தாங்கலை நினைவூட்டும் அச்சொல்லினும் 'பிற்பாட்டி' எனக்கு இனிக்கின்றது.

வில்லைக்கும் சுற்றுக்கும் இடைப்பட்ட கம்பி ஒரு சாணுக்கு மிகாதிருத்தல் வேண்டும். நீளின் மின்விளக்குகளின் இரைச்சல் அதிற் புகும். சுற்றுக்கு அப்பாலுள்ள கம்பி களரியின் பின்புறம்வரை செல்லலாம். வில்லையைத் தோலில் ஒட்டற்க. மரக்கட்டையில், மெழுகினால், அதுவும் அண்ணாவியாரின் இசைவு பெற்ற பின்னரே.