நட்சத்திரப் பெயரில் ஒரு டொமைன்: பற்று வரவு

2024 செப்டம்பரில் டாட்காம் பெயரின் மொத்த விலை 10.26 டாலராக உயர்ந்தது. டாட்காமை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், பெயர்களை விற்கும் பதிவாளர்களிடம் ஒரு வருடத்துக்கு வாங்கும் தொகை இது. மேலே பதிவாளரின் லாபமும் வரியும் சேரும். எப்படிப் பார்த்தாலும் ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் செலவுக்கு மேல் பெரிதாகப் போகாது. நடிகர் பெயரில் ஒரு டொமைனை வாங்கிப் போட்டுவைத்தால் பின்னால் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற ஆசை வருவதற்கு இந்த அற்பத் தொகைதான் காரணம்.

1998 நவம்பரில் அமெரிக்காவில் ஒருவர் ஜூலியாராபர்ட்ஸ்.காம் பெயரைப் பதிந்தார். அப்போது கட்டணம் இரண்டு வருடத்துக்கு 70 டாலர். அவர் கையில் அதுபோல் வேறு 50க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. இந்தப் பெயரை ஈபேயில் ஏலத்துக்கு விட்டார். 2000 மே மாதம் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர் குழு பெயரை நடிகையிடம் ஒப்படைக்கச் சொன்னது. ஜூலியா ராபர்ட்ஸ் தன் பெயரை வர்த்தகக் குறியாகப் பதிவு செய்திருக்கவில்லை. அந்தப் பெயருக்குச் சந்தையில் இருந்த அடையாளமே போதும் என்றார்கள். ஏலம் விட்டது எதிராளியின் கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

பாடகி மடோனாவின் மடோனா.காம் வழக்கில் நஷ்டம் பெரிது. அதை வைத்திருந்தவர் 1998இல் 20,000 டாலர் கொடுத்து வாங்கியவர். டுனீசியாவில் அந்தப் பெயருக்கு வர்த்தகக் குறிச் சான்றிதழும் எடுத்துவைத்தார். நெப்ராஸ்காவில் அதே பெயருள்ள மருத்துவமனைக்குத் தானமாகத் தந்துவிடுவதாகவும் சொல்லிப் பார்த்தார். 2000 அக்டோபரில் மூவர் குழு எதையும் ஏற்கவில்லை. வரவு பூஜ்யம்.

இந்த வழக்குகள் 1999இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு கொண்டுவந்த பொதுவான தகராறு விதிகளின்படி நடப்பவை. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒன்று முதல் ஐந்து பெயர்கள் வரை ஒற்றை நடுவர் என்றால் கட்டணம் 1,500 டாலர். மூவர் என்றால் 4,000. கட்டுவது புகார் கொடுப்பவர். ஆனால் புகார்தாரர் ஒருவரே போதும் என்று சொல்லி, எதிராளி மூவர் வேண்டும் என்றால் பாதியை எதிராளி கட்ட வேண்டும். 2,000 டாலர் என்பது 2024 மொத்த விலையில் சுமார் 195 வருடப் பதிவுக் கட்டணம். பதில் சொல்ல 20 நாள். தோற்றால் பெயர் போகும், அபராதம் கிடையாது. இந்தக் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுத் துணிந்தவர்கள் நிறையப் பேர்.

அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனால் கணக்கே வேறு. 1999 நவம்பரில் வந்த சைபர் ஆக்கிரமிப்புத் தடுப்புச் சட்டப்படி, வர்த்தகக் குறியை மீறினால் ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை நஷ்டஈடு. டிரம்ப்மும்பை, டிரம்ப்இந்தியா, டிரம்ப்பெய்ஜிங், டிரம்ப்அபுதாபி என நான்கு டாட்காம் பெயர்களை நியூயார்க்கில் ஒருவர் வைத்திருந்தார். நடுவர் தீர்ப்பு எதிராக வந்ததும், அதை நிறுத்த அவரே புரூக்ளின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். டிரம்ப் தரப்பு எதிர்வழக்குப் போட்டு உச்சவரம்பான 4,00,000 டாலர் கேட்டது. 2014இல் நீதிமன்றம் பெயருக்கு 8,000 வீதம் 32,000 டாலர் விதித்தது. கேட்டதில் 8 சதவீதம்தான் என்று அவர் ஆறுதல்பட்டிருக்கலாம். ஆனால் வழக்கே போடாமல் பெயர்களை விட்டுக்கொடுத்திருந்தால் அந்தச் செலவும் இல்லை.

எழுத்துப் பிழைப் பெயர்களின் கணக்கு இன்னும் மோசம். பென்சில்வேனியாக்காரர் ஒருவர் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் பெயரை மட்டும் 41 விதமாகத் தப்பாக எழுதிப் பதிந்தார். அவரிடம் மொத்தம் 5,500க்கு மேல் இருந்தன. தப்பாகத் தட்டுபவர்களை விளம்பரங்களில் சிக்கவைத்தே வருடம் 8 முதல் 10 லட்சம் டாலர் பார்த்தார் என்றது அமெரிக்க வர்த்தக ஆணையம். 2002இல் சுமார் 19 லட்சம் டாலர் கட்டச் சொல்லி உத்தரவு. குழந்தைகளை ஆபாசப் பக்கங்களுக்குத் திருப்பிய குற்றத்துக்காக 2004இல் 30 மாதச் சிறை.

பிரபலங்களை வென்ற டொமைன்காரர்களும் உண்டு. பாடகர் ஸ்டிங் 2000இல் தோற்றார். ‘ஸ்டிங்’ அகராதியில் உள்ள சாதாரணச் சொல், எதிராளி அதையே தன் விளையாட்டுப் புனைபெயராக வைத்திருந்தார். 25,000 டாலர் பேரப் பேச்சு அங்கும் வந்ததுதான், எடுபடவில்லை. 2001 ஜனவரியில் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2க்கு 1 என்ற கணக்கில் தோற்றார். எதிராளி கனடாக்காரர், கையில் சுமார் 1,500 பிரபலப் பெயர்கள். 2024 மொத்த விலையில் அத்தனையையும் புதுப்பிக்க வருடம் 15,390 டாலர் ஆகும். அடுத்த மாதமே பாடகி செலின் தியோன் பெயர் அவர் கையைவிட்டுப் போனது. 2006இல் நடிகர் டாம் குரூஸ் பெயரும் போனது. ஒரு வெற்றியை நம்பி 1,500 பெயருக்குப் பணம் கட்டுவதை வியாபாரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமில்லை, எனவே பெயருக்கு இத்தனை என்ற விலைப்பட்டியலும் இல்லை. அதனால் செலவு குறைவு என்று நினைக்கக் கூடாது, முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது என்றுதான் அர்த்தம். டொமைன் பெயருக்கும் வர்த்தகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. 2015இல் ரஜினிகாந்த் பெயரை வைத்து எடுத்த இந்திப் படத்துக்குத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், ஆள் யாரென்று அடையாளம் தெரிந்தாலே போதும், மக்கள் குழம்பினார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது. 2023 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அனில் கபூர் பெயரிலிருந்த டாட்காம், டாட்நெட், டாட்இன் பெயர்களை முடக்கச் சொல்லி நேரே பதிவாளர்களுக்கே உத்தரவிட்டது.

டாட்இன் வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐகான் விதி வர்த்தகக் குறியை மட்டும் பேசுகிறது, அதனால் அங்கே பிரபலம் தன் பெயருக்குக் குறி அந்தஸ்து உண்டென்று காட்டியாக வேண்டும். டாட்இன் தகராறு விதியில் வர்த்தகக் குறிக்கு முன்னாலேயே ‘பெயர்’ என்று தனியாக எழுதியிருக்கிறது.