கையைத் தூக்குவது யார்?



பாலக்காட்டு எலப்புள்ளிப் பக்கம், மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பார்கள். மாங்காய்க் காலம் முழுக்கப் பெரியப்பா தொரட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பறிப்பார். காலம் முடிந்ததும் சட்டை மாட்டவே திணறுவார். கையில் காயம் இல்லை. வீக்கம் இல்லை. எலும்பும் முறியவில்லை. அப்புறம் ஏன் அந்தக் கை மேலே போக மறுக்கிறது?

இப்படி ஒரு கேள்வி உனக்கு வந்திருந்தால், சபாஷ்! பெரியவர்கள் பலர் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். நீ விடவில்லை. வா, தோளுக்குள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் உன் கையைச் சுற்று. முன்னால், பின்னால், பக்கவாட்டில், தலைக்கு மேலே. உடம்பில் வேறு எந்த மூட்டும் இவ்வளவு பக்கம் திரும்பாது. இடுப்பும் தோள் மாதிரியே பந்து கிண்ண மூட்டுதான். ஆனால் இடுப்பில் கிண்ணம் ஆழமானது. தொடை எலும்பின் பந்து அதற்குள் நன்றாகப் புதைந்திருக்கும். தோளில் கிண்ணம் மிகவும் ஆழம் குறைந்தது. மேற்கை எலும்பின் பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஒரு நேரத்தில் அந்தக் கிண்ணத்தைத் தொடுவதில்லை.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி யோசி. கிண்ணம் ஆழமாக இருந்தால் பந்து நழுவாது, ஆனால் அதிகம் சுழலவும் முடியாது. ஆழம் குறைந்தால் நன்றாகச் சுழலும், ஆனால் எளிதில் நழுவும். நீ கல்லெறிந்து மாங்காய் அடிக்க வேண்டும் என்பதற்காக உன் தோள் இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டது. அப்படியானால் பந்து நழுவாமல் யாரோ பிடித்துக்கொள்ள வேண்டுமே?

பிடித்துக்கொள்வது நான்கு சின்னத் தசைகள். தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, பந்தின் முன்னாலும் மேலேயும் பின்னாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். நான்கையும் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். மேலே இருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரெஸ் மைனரும். முன்னால் சப்ஸ்கேபுலாரிஸ். பெயர்களைப் பார்த்துப் பயப்படாதே, பரீட்சைக்கு வராது. நான்கு பேர், பந்தைச் சுற்றி நிற்கிறார்கள். அது போதும்.

இன்னொரு தசை இருக்கிறது, டெல்டாய்டு. தோளின் மேல் உருண்டையாகத் தெரிகிறதே, அதுதான். அது பெரியது, பலசாலி. கையைத் தூக்குவது அந்தப் பெரிய தசை மட்டும்தான் என்று நினைப்போம். அங்கேதான் ஒரு சிக்கல்.

நவம்பரில் கல்பாத்தித் தேர் பார்த்திருப்பாய். வடம் பிடித்து ஊர் இழுக்கும், பின்னால் யானை முட்டித் தள்ளும். ஆனால் சக்கரத்தின் ஓரத்தில் குனிந்தபடி சிலர் ஓடி வருவார்கள், கவனித்தாயா? கையில் முட்டுக்கட்டை. சரியான நொடியில் சக்கரத்தடியில் கட்டையைப் போட்டுத் தேரின் போக்கைத் திருப்புவார்கள். அவர்கள் இல்லாமல் யானை மட்டும் தள்ளினால் என்ன ஆகும்? தேர் நேரே அக்கிரகாரத்துத் திண்ணையில் போய் ஏறிவிடும்! டெல்டாய்டுதான் அந்த யானை. நான்கு சின்னத் தசைகள்தான் கட்டை போடுகிறவர்கள். டெல்டாய்டு கையைத் தூக்கத் தொடங்கும்போது பந்தை மேல்நோக்கி இழுக்கிறது. அதே நொடியில் நான்கு பேரும் பந்தைக் கிண்ணத்தின் நடுவில் அழுத்திப் பிடிக்கிறார்கள். அதனால்தான் பந்து மேலே ஏறாமல், இருந்த இடத்திலேயே சுழல்கிறது.

புரிந்ததா? புரியவில்லை என்றால் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படி. மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

பந்து மேலே ஏறினால் என்ன கெட்டுப்போகும்? மேலே ஒரு எலும்புக் கூரை இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் நுனி வளைந்து வந்து பந்துக்கு மேலே நிற்கிறது. அதற்கும் பந்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடுக்கு வழியாகத்தான் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு, போகிறது. பந்து மேலே ஏறினால் அது அங்கே நசுங்கலாம்.

நம்பிக்கை வரவில்லையா? உன் தோளில் வலி எதுவும் இல்லையென்றால் மட்டும் இதைச் செய்து பார். கையைப் பக்கவாட்டில் நீட்டு. கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையைத் திருப்பு. அப்படியே மெதுவாகத் தூக்கு. தோள் உயரம் வந்ததும் சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். வலுக்கட்டாயமாகத் தூக்காதே. இப்போது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி திருப்பித் தூக்கு. சர்ரென்று காது வரை போகிறதல்லவா? பந்தின் ஓரத்தில் ஒரு மேடு உண்டு. முதல் தடவை அது கூரையில் இடித்தது. கையைத் திருப்பியதும் மேடு பின்னால் ஒதுங்கி வழி விட்டது.

இன்னொன்றும் செய்து பார், இதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். அவனுடைய முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் உன் விரலை வை. கையை மெதுவாகத் தூக்கச் சொல். எலும்பும் சேர்ந்து வெளிப்பக்கமாகத் திரும்புவதை உன் விரலே சொல்லும். கை முழுதும் மேலே போவது 180 டிகிரி. அதில் பந்து கிண்ண மூட்டு தருவது சுமார் 120, தோள்பட்டை எலும்பு தருவது சுமார் 60. இரண்டுக்கு ஒன்று. 1944-ல் அமெரிக்காவில் இன்மன், சாண்டர்ஸ், அபட் என்ற மூன்று பேர் இதை அளந்து எழுதினார்கள். இன்றும் உலகம் முழுக்கப் பிசியோதெரபி மாணவர்கள் படிக்கும் கணக்கு இது. நீ விரல் நுனியிலேயே பார்த்துவிட்டாய்!

இப்போது பெரியப்பாவிடம் வருவோம். முதலமடைத் தோப்புகளில் மாங்காய் ஊருக்கெல்லாம் முந்திக் காய்க்கும். அந்த மாதங்களில் பறிக்கிறவர்களுக்கு நாள் முழுக்கக் கை தலைக்கு மேலேதான். பெயின்ட் அடிப்பவர், மரம் ஏறுபவர், பந்து வீசுபவர், எல்லாருக்கும் இதே கதைதான். சின்னத் தசைகள் களைத்துப்போகும். கட்டை போடுகிறவர் ஒரு நொடி பிந்திவிடுகிறார். தசைநாண் எரிச்சலடைகிறது, நார் நாராகத் தேய்கிறது, சில சமயம் கிழியவும் செய்கிறது. தசைநாணில் இரத்த ஓட்டம் குறைவு. அதனால் முழங்கால் சிராய்ப்பு மாதிரி ஒரே வாரத்தில் அது ஆறாது. மாதக்கணக்காகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் அப்படியே இறுகிப்போகும் வேறொரு தொல்லையும் வருவதுண்டு. அதனால் எந்தத் தோள் வலி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா?" பிறகு கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி முகத்தைக் கவனிப்பார். ஆரம்பத்தில் வலி இல்லை. நடுவழியில், சுமார் 60 டிகிரியிலிருந்து 120 வரை, முகம் சுளிக்கும். அதைத் தாண்டினால் மறுபடி வலி குறைந்துவிடும். அந்த நடுவழி வலி ஒரு நல்ல துப்பு.

பிறகு பயிற்சி. முதல் பாடம் பார்க்கச் சின்னதாக இருக்கும். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்ட வேண்டும். கை தானாக ஆடும். தசைகளுக்கு வேலை இல்லை, ஆனாலும் மூட்டு அசைகிறது. இதற்குப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் பெயரை வைத்திருக்கிறார்கள். தோளைப் பற்றி மட்டுமே 1934-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் அவர்.

அடுத்து, சுவரில் விரல்களால் படிப்படியாக மேலே நடப்பது. அதற்கடுத்து எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஜன்னல் கம்பியில் கட்டிய பழைய சைக்கிள் டியூபைப் பிடித்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். துண்டு கீழே விழுந்தால், முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். பின்னால் இருக்கும் இரண்டு சின்னத் தசைகளும் வேலை செய்வது இதில்தான்.

இப்படி இழுப்பது எப்படி மருந்தாகும்? நல்ல கேள்வி. தசைநாணுக்குள் குட்டிக் குட்டிச் செல்கள் இருக்கின்றன. அவை இழுவிசையை உணரும். அளவாக இழுபட்டால், கொலாஜன் என்ற நாரைப் புதிதாக நெய்து, இழுக்கும் திசையிலேயே அடுக்கும். இழுப்பே இல்லாமல் கையைக் கட்டித் தொங்கவிட்டே வைத்திருந்தால் செல்களுக்குச் செய்தி போகாது. தசையும் மெலியும், மூட்டும் இறுகும். ஒரே நாளில் அளவுக்கு மீறி இழுத்தாலோ தசைநாண் புண்ணாகும். அதனால் பயிற்சியின்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. மறுநாளும் கூடுதலாக வலித்தால் அளவைக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டு வாரமாவது தொடர வேண்டியிருக்கும்.

"பேசாமல் அந்தக் கூரை எலும்பைக் கொஞ்சம் சீவிவிட்டால் என்ன?" என்று நீ கேட்கலாம். மருத்துவர்களும் அப்படி நினைத்து ரொம்ப காலம் சீவிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரிட்டனில் 313 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு பகுதியினருக்குக் கேமராவை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத் தையல் போட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. மூன்றாவது பகுதியினருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. எலும்பு சீவப்பட்டவர்களுக்கும் கேமரா மட்டும் போனவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! இது 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நியாயமாகத் தோன்றும் எண்ணத்தையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே லான்செட்டில் 2021-ல் வந்த இன்னொரு ஆய்வை எலப்புள்ளிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இதுவும் பிரிட்டனில் நடந்தது. ரொட்டேட்டர் கஃப் தொல்லை உள்ள 708 பேர். சிலர் ஆறு தடவை வரை பிசியோதெரபிஸ்டிடம் போய்ப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் ஒரே ஒரு தடவைதான் போனார்கள். ஆனால் அந்த ஒரு தடவையில் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கி, வீட்டில் செய்ய எளிய பயிற்சியும் கொடுத்து அனுப்பினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். சிலருக்கு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். அது முதல் சில வாரங்கள் உதவியது, ஓராண்டில் அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய செய்தி? பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவை பஸ் ஏறும்போதும் கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. அதற்குப் பயந்தே பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு தடவையாவது போய், நன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து, ஜன்னலோரத்தில் தினமும் டியூபை இழுத்தால் அதுவே உண்மையான சிகிச்சை.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. வழுக்கி விழுந்த உடனே கையைத் தூக்கவே முடியாமல் போனால், சைக்கிள் டியூபைத் தேடக் கூடாது. நேரே டாக்டரிடம் போக வேண்டும். தசைநாண் முழுதாக அறுந்திருந்தால் சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அதற்குப் பிறகும் பயிற்சி உண்டு, அதிலிருந்து யாரும் தப்ப முடியாது.

கண்டியில் பிறந்த தமிழர், இலங்கைக் கிரிக்கெட் பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனை உன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும், கேட்டுப் பார். டெஸ்டில் அவர் வீசியது 44,039 பந்துகள். 2004 ஆகஸ்டில் அவருடைய தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது அவர் எடுத்திருந்தது 532 விக்கெட். அவர் ஓய்வில் இருந்தபோது சென்னையில் ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் அந்த எண்ணைத் தாண்டிப் போனார். முரளி அடுத்த ஆண்டு மறுபடி டெஸ்டில் பந்து வீசினார். 2010 ஜூலை 22, காலி நகர மைதானம்: 800-வது விக்கெட். கழித்துப் பார், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை? 268!

கடைசியாக உன் தோளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உன் வயதில் ரொட்டேட்டர் கஃப் கிழிவது அபூர்வம். உனக்கு வேறு ஒரு இடம் இளசு. மேற்கை எலும்பின் பந்துக்குச் சற்றுக் கீழே வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். அது முழுதாகக் கெட்டிப்படப் பதினாறு, பதினெட்டு வயதாகும். ஓய்வில்லாமல் பந்தோ ஈட்டியோ எறிந்துகொண்டே இருந்தால் அந்தத் தட்டு எரிச்சலடைந்து வலிக்கும். மைதானத்தில் எறியும்போது மேற்கையின் மேல்பாகம் வலித்தால், பல்லைக் கடித்துக்கொண்டு எறியாதே. டீச்சரிடமும் அம்மாவிடமும் அன்றைக்கே சொல். டாக்டர் சில வாரமோ சில மாதமோ எறியாதே என்பார். ஓடவும் தாண்டவும் பெரும்பாலும் தடை இருக்காது, அதையும் அவரிடமே கேட்டுக்கொள்.