இன்பப்படகில் இரு மின்கலவடுக்குகள்

ஒரு செயலைத் தொடங்குதற்கு வேண்டும் வலு வேறு. தொடங்கியபின் அதனை நெடுநேரம் நடாத்துதற்கு வேண்டும் வலு வேறு. இவ்விரண்டினையும் ஒரே களஞ்சியத்திலிருந்து பெற முயல்வோன், பின்னதிற் செலவிட்டு முன்னதை இழந்துவிடுதல் கூடும். மேனாடுகளிற் பொழுதுபோக்கின் பொருட்டுச் செலுத்தப்படும் மோட்டர்ப்படகுகளின் மின்னமைப்பு இவ்வுண்மையின்மீதே கட்டப்பட்டுள்ளது. பௌதிகவியல் வகுப்பிற் கற்கும் எளிய விதிகள் சில, நடுக்கடலில் உயிர்காக்கும் விதிகளாதலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் தென்கிழக்கே, மயாமி நகரிலிருந்து ஏறத்தாழ 50 மைல் தொலைவிற் பகாமாத் தீவுகளுள் ஒன்றாகிய பிமினி உளது. புளோரிடாவிலுள்ள படகுடையோர் பலர் விடுமுறை நாட்களில் அத்தீவிற்குச் செல்வர். இடையே வளைகுடா நீரோட்டம் என்னும் பேராறு போன்ற கடலோட்டம் வடக்கு நோக்கி விரைந்து ஓடுகின்றது. அவ்விடத்தே ஒருவர் பொறியை நிறுத்தி மீன்பிடிக்கத் தொடங்குகின்றார் எனக் கொள்வோம். மீனறி கருவி, வானொலிப்பேசி, குளிர்ப்பெட்டி ஆகியன ஓயாது மின்னை உண்கின்றன. சில மணி கழித்துப் பொறியைத் தொடக்க முயலும்போது அது அசைய மறுக்கின்றது. பெரிய பொறியைக் கயிறிழுத்துத் தொடக்குதல் இயலாது. ஆழம் மிகுந்தமையின் நங்கூரமும் உதவாது. படகு வடக்கே இழுபட்டுச் செல்லும். வடகாற்று ஓட்டத்தை எதிர்த்து வீசுமாயின் அலைகள் செங்குத்தாக எழும். உதவி கோருதற்குரிய வானொலிப்பேசியும் வற்றிப்போன அதே பற்றறியையே நம்பியிருக்கின்றது. இவ்விடரைத் தவிர்த்தற்கே இரு மின்கலவடுக்குகள் வைக்கப்படுகின்றன.

இனி, மின்கலவடுக்கின் இயல்பை நோக்குவாம். ஈய அமிலக் கலத்தை 1859ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டவராகிய கஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். ஈயத்தகடும் ஈயவீரொட்சைட்டுத் தகடும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் நிற்க, ஒரு கலம் ஏறத்தாழ 2 உவோற்றுத் தரும். ஆறு கலங்கள் தொடராயமைந்தால் 12 உவோற்று அடுக்காகும். மின்னிறங்குங்கால் இருவகைத் தகடுகளிலும் ஈயச்சல்பேற்றுப் படியும். மின்னேற்றுங்கால் அது மீளும். இறங்கிய நிலையில் நெடுநாள் விட்டால் அப்படிவு கடினமாகி மீளாதொழியும்.

தொடக்கும் அடுக்கில் மெல்லிய தகடுகள் பல நெருங்கியிருக்கும். பரப்பு மிகுதியாதலின் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தைச் சில செக்கன் நேரம் அது தரவல்லது; ஆயின் பலமுறை ஆழமாக இறக்கினால் விரைவிற் கெடும். பாவனை அடுக்கிலோ தகடுகள் தடித்தவை. நீண்டநேரம் சிறிது சிறிதாக மின்னிறக்குதலை அது தாங்கும்.

ஒரு கணக்கினால் இவ்வேறுபாடு தெளிவாகும். தொடக்கி மோட்டர் 300 அம்பியரை 5 செக்கன் இழுப்பினும் செலவாவது அரை அம்பியர்மணிக்குங் குறைவே. குளிர்ப்பெட்டிக்குச் சராசரி 3 அம்பியரும், ஏனைய கருவிகளுக்கு 2 அம்பியருமாக 5 அம்பியர் வீதம் 10 மணிநேரம் செலவிட்டாலோ 50 அம்பியர்மணி போய்விடும். அஃதாவது, ஓரிரவுச் செலவு பொறியை நூறு முறை தொடக்குஞ் செலவிலும் மிகுந்தது. தொடக்குதற்கு வேண்டுவது மிகச் சிறிது; ஆயின் அச்சிறிது வேண்டிய கணத்தில் ஒருங்கே கிடைத்தல் வேண்டும். ஈய அமில அடுக்கின் கொள்ளளவிற் பாதிக்கு மேற் செலவிடாமையே அதன் ஆயுளை நீட்டும் வழியாகும். ஆதலின் மேற்கூறிய செலவிற்கு 100 அம்பியர்மணி அடுக்கு வேண்டப்படும்.

இரண்டு அடுக்குகளையும் ஒரு பொறியின் பிறப்பாக்கியால் மின்னேற்றுவது எங்ஙனம்? பழைய முறை, "ஒன்று, இரண்டு, இரண்டும், நிறுத்தம்" என நான்கு நிலைகளுடைய கையாளியாகும். இது எளியது, ஆயின் மனிதரின் நினைவை நம்பியது. "இரண்டும்" என்னும் நிலையில் மறந்துவிட்டு உறங்கினால் இரண்டு அடுக்குகளும் ஒருங்கே வற்றும். இரண்டு வைத்ததன் பயனே இல்லாது போகும். பொறி ஓடும்போது "நிறுத்தம்" என்னும் நிலைக்குத் திருப்பினாலோ, போக்கிடமற்ற மின்னழுத்தம் திடீரென உயர்ந்து பிறப்பாக்கியின் இருவாயிகளை அழித்தல் கூடும்.

இக்குறையை நீக்க இருவாயிப் பிரிப்பானைப் பயன்படுத்தினர். மின் உள்ளே செல்லும். ஓர் அடுக்கிலிருந்து மற்றையதற்குப் பாயாது. ஆயின் சாதாரண இருவாயி 0.6 உவோற்றளவு அழுத்தத்தை விழுங்குவதால், அதற்கேற்பப் பிறப்பாக்கி சீர்செய்யப்படாவிடின் அடுக்குகள் முற்றாக நிரம்பா.

இக்காலத்திற் பெருவழக்காயுள்ளது அழுத்தமுணரும் றிலே ஆகும். பிறப்பாக்கி முதலிலே தொடக்கும் அடுக்கை நிரப்பும். அழுத்தம் ஏறத்தாழ 13.3 உவோற்றுக்கு உயர்ந்ததும் றிலே இரண்டினையும் இணைக்கும். பொறி நின்று அழுத்தம் ஏறத்தாழ 12.8 உவோற்றுக்குத் தாழ்ந்ததும் பிரித்துவிடும். வரவுள்ள காலத்திற் கூட்டுக் குடும்பம், செலவு மட்டுமுள்ள காலத்தில் தனிக் குடித்தனம் என்பது போன்றது இவ்வேற்பாடு.

தானியங்கும் கருவியாயினும் அறிவின்றிப் பயன்படுத்தலாகாது. அண்மைக்காலத்திற் பலர் பாவனை அடுக்காக இலிதியம் இரும்புப் பொசுபேற்று அடுக்கை வைக்கின்றனர். அது மின்னேற்றமின்றி ஓய்ந்திருக்கும்போதும் 13 உவோற்றுக்கு மேல் நிற்கும். ஆகவே றிலே, பொறி நின்றதை உணராது இணைப்பை விடாதிருக்கும். அன்றியும் அவ்வடுக்கின் அகத்தடை மிகக் குறைவாதலின் பெருமின்னோட்டத்தை இழுத்துப் பிறப்பாக்கியைச் சூடாக்கும். இந்நிலையில், மின்னோட்டத்தை வரையறுத்து ஏற்றும் நேரோட்ட மின்னேற்றி இடையே வேண்டும்.

படகின் அடியிற் சேரும் நீரை இறைக்கும் பம்பி, பிரதான ஆளியைக் கடந்து, தனக்குரிய உருகியுடன் நேரே அடுக்கோடு இணைக்கப்படல் வேண்டும். அன்றேல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீடு சென்றவரின் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கலாம். கம்பிகளைக் காக்கும் உருகி, பொதுவாக அடுக்கிலிருந்து 7 அங்குலத்துள் அமைதல் வேண்டுமென அமெரிக்கப் படகு, உல்லாசக்கல மன்றத்தார் விதித்துளர். தொடக்கி மோட்டரின் வடம் அதற்கு விலக்காகும். ஈய அமில அடுக்கை மின்னேற்றும்போது ஐதரசன் வெளிவரும். வளியில் 4 சதவீதம் கலந்தாலே அது வெடிக்குந் தன்மையது. ஆதலின் காற்றோட்டம் இன்றியமையாதது.

ஓய்ந்திருக்கும் ஈய அமில அடுக்கின் அழுத்தம் 12.7 உவோற்றாயின் அது நிரம்பியது, 12.2 ஆயின் ஏறத்தாழப் பாதி. கரையை விடுமுன் இரண்டு அடுக்குகளையும் தனித்தனியே உவோற்றுமானியால் அளத்தற்கு ஒரு நிமிடமும் வேண்டாம். தொடக்கும் அடுக்கினாற் பொறி தொடங்குகின்றதா என்பதையும் தனியே சோதித்தல் நன்று. அடுக்குகள் இரண்டிருத்தலாற் காவல் உண்டாவதில்லை. அவற்றுள் ஒன்று தீண்டப்படாதிருத்தலாலேயே காவல் உண்டாகின்றது. இதனையறியாதார்க்கு இரண்டாம் அடுக்கு படகிற்குச் சுமையேயாம்; அறிந்தார்க்கோ அது கரைக்கு மீளும் வழியாம்.