பெரிய டயர் போட்டால் ஜீப் ஏன் திணறுகிறது?

திண்டுக்கல் சமவெளியில் சுகமாக ஓடும் ஜீப் ஒன்று. அதைச் சற்று உயர்த்தி, 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் மாட்டினால், சிறுமலை ஏற்றத்தில் அது திணறும். ஏன் தெரியுமா?

விசை = திருப்புத்திறன் ÷ ஆரம். சக்கரத்தின் ஆரம் கூடியதால், அதே கியரில் தரையை உந்தும் விசை ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. இறக்கத்தில் இஞ்சின் தரும் தடுப்பும் அதே அளவு குறையும், அதுதான் ஆபத்து!

பரிகாரம் அச்சிலுள்ள கிரவுன், பினியன் பல்சக்கரங்களில் இருக்கிறது. அவற்றுக்கு முறையே 41, 10 பற்கள் எனக் கொள்வோம், விகிதம் 4.1. இனித் தேவைப்படுவது 4.1 × 31/28 = 4.54. 41, 9 பற்கள் கொண்ட ஜோடி 4.56 தருகிறது. நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியானால், முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் மாற்றவேண்டும்.

உங்கள் சைக்கிளின் பற்களையும் எண்ணிப் பாருங்களேன்!